ஸ்டென்ட், பைபாஸுக்கு அப்புறம் என்ன? சென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்தோ, பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்தோ வீடு திரும்பியவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்கள் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை. இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். மருந்தை ஏற்றுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை, அது உங்கள் கார்டியாலஜிஸ்ட் சொல்ல வேண்டியது. மற்றபடி டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில் விட்டுப்போகும் விஷயங்களை இங்கே சொல்லியிருக்கிறேன்.

ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு போய்விட்டது. அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரையும் பயிற்சியும்?

தெருவில் ஒரு பள்ளத்தைக் கார்ப்பரேஷன் மூடிவிட்டுப் போனால் அந்த இடத்தில் வண்டி ஓடும். தெரு முழுக்கப் புதிதாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ஸ்டென்ட்டும் அப்படித்தான். கொழுப்புப் படிவு இதயத்தின் மூன்று முக்கியக் குழாய்களிலும் பல வருடங்களாகச் சேர்ந்திருக்கும். டாக்டர் விரித்துவிட்டது அதில் ஒன்றிரண்டு இடங்களைத்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பு எப்போதும் 90 சதவீதம் அடைத்த இடத்தில்தான் வரும் என்பதில்லை. 40, 50 சதவீதம் இருந்த ஒரு படிவின் மேல்தோல் திடீரென்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுக்க அடைபடலாம். அந்தத் தோல் கிழியாமல் பார்த்துக்கொள்வது ஸ்டேட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும்) மாத்திரை, பி.பி. கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது, உடற்பயிற்சி ஆகியவை. உண்மையான சிகிச்சை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

செக்கப்பில் 80 சதவீத அடைப்பு என்றார்கள். வலி பெரிதாக இல்லை. இன்றைக்கே ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்றால் யோசிக்க நேரமே இல்லை. அடைபட்ட குழாயை உடனே திறக்க வேண்டும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் சொல்வது வேறு. நடந்தால் லேசாக இறுக்கம், நின்றால் சரியாகிவிடுகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்ற நிலை. இப்படிப்பட்டவர்களை வைத்து 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த ‘இஸ்கீமியா’ ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. நல்ல மருந்து சிகிச்சையோடு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், மருந்தோடு மட்டும் தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் நல்ல நிம்மதி கொடுத்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருப்பவர்களும், இதயத்தின் பம்பிங் ரொம்பக் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் கதை வேறு.

ஆகவே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “இது அவசரமா? ஒரு வாரம் யோசிக்கலாமா?” ஆஞ்சியோ (இதயக் குழாய்களைப் படம் எடுக்கும் பரிசோதனை) பதிவான சி.டி. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு இன்னொரு கார்டியாலஜிஸ்ட்டிடம் காட்டுவது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

ஸ்டென்ட் நல்லதா, பைபாஸ் நல்லதா?

குழாயைப் பொறுத்தது. ஒன்றிரண்டு இடத்தில் அடைப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டென்ட் போதும். சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் நீண்ட நாள் கணக்கில் பைபாஸ்தான் மேல் என்று 2012-ல் வந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டியது. சர்க்கரைக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் இது முக்கியமான செய்தி. நெஞ்சைத் திறக்க வேண்டுமே என்ற பயத்தில் ஐந்தாறு ஸ்டென்ட் வைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பைபாஸ் நமக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் நடந்தது. 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் செய்தார்.

மாத்திரைகளில் எதை நிறுத்தவே கூடாது?

டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது. அதிலும் ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது மாத்திரையை (குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிராசுக்ரெல் இவற்றில் ஒன்று) சாதாரணமாக நினைக்காதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருடம், மற்றவர்களுக்குச் சுமார் ஆறு மாதம் இரண்டும் சேர்ந்து ஓடும். அதற்குள் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. பல் பிடுங்க வேண்டும், கண் ஆபரேஷன் என்று போனால் அங்கே “ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று சொல்லக்கூடும். அப்போது “என் கார்டியாலஜிஸ்ட்டைக் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தொந்தரவு தந்தால் மாற்று உண்டு. ராமிப்ரில் என்ற பி.பி. மாத்திரை சிலருக்கு விடாத வறட்டு இருமல் கொடுக்கும். டிகாக்ரெலாரில் சிலருக்குத் திடீர் திடீரென்று மூச்சு வாங்குவது போலிருக்கும். ஸ்டேட்டினில் தசைவலி வரலாம். இவற்றைச் சொன்னால் டாக்டர் மாத்திரையை மாற்றுவார். சொல்லாமல் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பிடுவதாகத் தலையாட்டுவதுதான் சிக்கல்.

கொலஸ்ட்ரால் நார்மலுக்கு வந்துவிட்டது. ஸ்டேட்டினை நிறுத்திவிடலாமே?

மாத்திரையால்தான் நார்மல் ஆனது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். லேப் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ அளவு உங்களுக்கானது இல்லை என்பதையும் கவனியுங்கள். அடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தபட்சம் 70-க்குக் கீழே, பலருக்கு 55-க்கும் கீழே வேண்டும்.

கார்டியாக் ரீஹாப் என்கிறார்களே, அது வெறும் வாக்கிங்தானே?

இதய நோயாளியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சித் திட்டம் அது. வாக்கிங் அதில் ஒரு பகுதி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே முதல் கட்டம் ஆரம்பித்துவிடும்: எழுந்து உட்காருவது, வராண்டாவில் நடப்பது, ஒரு மாடி ஏறி இறங்குவது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டாம் கட்டம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சுமார் 12 வாரம், கண்காணிப்போடு பயிற்சி. கூடவே சாப்பாட்டு ஆலோசனை, புகையை விட உதவி, மாத்திரை விளக்கம், மனநிலை பற்றிய பேச்சு எல்லாம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் நீங்களே தொடர்வது.

ஆரம்பத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று அளப்போம், அல்லது டிரெட்மில் டெஸ்ட் எடுப்போம். அதை வைத்துத்தான் உங்களுக்கான வேகம் முடிவாகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் நடந்தார் என்பது உங்களுக்குக் கணக்கே இல்லை.

ரீஹாப் முடித்தவர்களுக்கு இதய நோயால் வரும் மரணமும், திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைகிறது என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. இருந்தும் இங்கே பெரும்பாலானோர் இதில் சேர்வதில்லை. தினம் டிராஃபிக்கில் வர முடியவில்லை, கூட்டிவர ஆளில்லை, இன்ஷூரன்ஸ் கொடுப்பதில்லை. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். அப்படியானால் மூன்று நான்கு முறை மட்டும் நேரில் வந்து கற்றுக்கொண்டு, மீதியை வீட்டில் செய்து, போனில் தொடர்பில் இருங்கள். ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கு வீட்டு ரீஹாப்பும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. சென்னையின் பெரிய இதய மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காமல் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

யோகாவும் நல்லதே. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகா அடிப்படையிலான ரீஹாப்பைச் சோதித்தார்கள். பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும், ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற உணர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மூச்சை அடக்குவதும், கபாலபாதி மாதிரி வேகமாக மூச்சை வெளியே தள்ளுவதும் ஆரம்ப மாதங்களில் வேண்டாம்.

சென்னையில் நடைப்பயிற்சி எங்கே, எப்போது, எவ்வளவு?

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து, பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிறகு வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போய், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடர்ந்து 30 நிமிடம் என்ற இடத்துக்கு வரலாம். வேகத்துக்கு அளவு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித்துடிப்பை வாட்சில் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. நெட்டில் போட்டிருக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயிலைவிடப் புழுக்கம். வியர்வை ஆறாமல் உடம்பு சூடேறும், இதயம் கூடுதலாக உழைக்கும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். பி.பி. மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாதங்களில் பி.பி. சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். எழுந்ததும் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பம்பிங் குறைந்தவர்களுக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருப்பார்கள். கோடையில் அதைத் தளர்த்தலாமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பிளாட்பாரத்தில் பைக்கும் கடையும் இருக்கும், பள்ளத்தைப் பார்த்து நடப்பதே தனி டென்ஷன். மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி. நகரில் நடேசன் பூங்கா, அண்ணா நகரில் டவர் பார்க், கடற்கரையில் மெரினா, பெசன்ட் நகர் என்று சமதளமாக நடக்க இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கே போதும். கடற்கரை மணலில் மட்டும் முதல் மூன்று மாதம் நடக்க வேண்டாம், அது தரையில் நடப்பதைவிட அதிக உழைப்பு கேட்கும்.

பைபாஸ் செய்தவர்களுக்குத் தனியாக என்ன கவனம்?

நடு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது ஒட்ட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்காதீர்கள். (பேரக்குழந்தையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளலாம்.) கட்டிலிலிருந்து எழும்போது கையை ஊன்றி உந்தாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கப்போட்டு எழுங்கள். இருமல், தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதும், இந்தியன் டாய்லெட்டும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். டூவீலரும் அப்படித்தான். ஓட்டுவது மட்டும் இல்லை, பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்கள் நெஞ்செலும்புக்கு நல்லதில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி கொடுத்திருப்பார்கள். வருகிறவர்களில் பலர் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கு இல்லை, குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்துவதற்கு. விழித்திருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை இழுங்கள். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் போனால் சளி கட்டிக் காய்ச்சல் வரும்.

பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த பக்கம் சில வாரம் வீங்குவது சகஜம். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். நெஞ்சில் ‘கிளிக்’ என்று சத்தம், தையலில் சீழ், காய்ச்சல் இருந்தால் ரிவ்யூ தேதிவரை காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்? வீட்டில் இதுதான் பெரிய சண்டை.

முதலில் உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு தொடர்ந்தால் பிரயோஜனம் இல்லை. இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும், கிட்னி பிரச்சினை இருப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

எண்ணெயில் எது என்பதோடு எவ்வளவு என்பதும் முக்கியம். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். செக்கில் ஆட்டியது என்பதற்காக இரண்டு கரண்டி கூட ஊற்றிக்கொள்ள அனுமதி இல்லை.

உண்மையைச் சொன்னால், பலரின் தட்டில் பிரச்சினை கொழுப்பைவிடச் சோறுதான். ஒரு குன்று சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். அதைத் திருப்பிப் போடுங்கள்: பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, சுண்டல் அல்லது மீன். மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி விலை குறைந்த மீன்களில் இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 நிறைய இருக்கிறது, ஆனால் குழம்பாக வையுங்கள், வறுக்க வேண்டாம். இட்லி நல்லதுதான், எட்டு இட்லி நல்லதில்லை. எப்போதாவது ஒரு கல்யாணச் சாப்பாட்டால் எதுவும் கெட்டுவிடாது. தினசரி மாலை பஜ்ஜிதான் கெடுக்கும்.

காபி?

இரண்டு டம்ளர் குடிக்கலாம். சர்க்கரையைக் குறையுங்கள்.

தினம் ஒரு பெக் இதயத்துக்கு நல்லதாமே?

நல்லதில்லை. குடிக்காதவர் அதற்காக ஆரம்பிக்கவே வேண்டாம். சிகரெட், பீடி, மாவா எல்லாவற்றையும் முழுக்க விட வேண்டும். ‘ஒன்றிரண்டாகக் குறைத்துவிட்டேன்’ என்பது போதாது, ஒரு நாளைக்கு ஒரு சிகரெட்டே ஆபத்தை நன்றாக ஏற்றும்.

தாம்பத்தியம் எப்போது தொடங்கலாம்?

கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் கதவருகே நின்று கேட்பார்கள். இரண்டு மாடி மூச்சிரைக்காமல், வலியில்லாமல் ஏறினால் தொடங்கலாம். பைபாஸ் என்றால் நெஞ்செலும்பில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரையோடு, நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை சேர்ந்தால் பி.பி. உயிருக்கே ஆபத்தாகும் அளவு இறங்கும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அவர்தான் சமைக்கிறார், துவைக்கிறார். அதுவே உடற்பயிற்சி இல்லையா?

இல்லை. அதில் நிற்பதும் குனிவதும் களைப்பும்தான் இருக்கும், தொடர்ந்து அரை மணி நேரம் சீரான உழைப்பு இருக்காது. அப்பாவுக்கு மாரடைப்பு என்றால் வீடே சுற்றிவந்து பார்த்துக்கொள்கிறது. அம்மாவுக்கு வந்தால் பத்தாம் நாள் மாவு அரைக்கிறார். ரீஹாப்புக்குப் பெண்களை அழைத்துவருவது ரொம்பக் குறைவு. தினம் அரை மணி நேரம் அவரை வெளியே நடக்க அனுப்பி, அந்த நேரத்தில் அடுப்படியை யாராவது பாருங்கள்.

அப்பா யாரிடமும் பேசுவதில்லை, எரிந்து விழுகிறார், தூங்குவதில்லை. பயமா?

பயமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது இருந்தால் மாத்திரை, நடை எல்லாம் தவறிப்போய், இதயமும் கெடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கார்டியாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு. ‘எதுக்கும் டென்ஷன் ஆகாதீங்கப்பா’ என்று ஆளாளுக்குச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. ‘உங்களுக்கு முடியாது’ என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது இன்னும் மோசம். மார்க்கெட்டுக்குப் போகட்டும், பேங்க் வேலையை அவரே பார்க்கட்டும்.

எப்போது வேலைக்குப் போகலாம்?

மாரடைப்பு இல்லாமல் ஸ்டென்ட் மட்டும் என்றால் ஆபீஸ் வேலைக்கு ஓரிரு வாரம். மாரடைப்பு வந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். பைபாஸ் என்றால் இரண்டு மூன்று மாதம். ஆட்டோ, பஸ், லாரி ஓட்டுபவர்கள் குறைந்தது ஆறு வாரம் கழித்து, டிரெட்மில் டெஸ்ட் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகே ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். மூட்டை தூக்குகிற வேலை என்றால் பம்பிங் எவ்வளவு என்று பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

ஆபரேஷன் இல்லாமல் அடைப்பைக் கரைப்பதாக விளம்பரம் வருகிறதே?

கரைக்கிறோம் என்று சொன்னால் நம்பாதீர்கள். காலில் பட்டை கட்டி அழுத்தம் கொடுக்கும் இ.இ.சி.பி. சிகிச்சை, ஸ்டென்ட்டும் பைபாஸும் செய்ய முடியாதவர்களுக்கு நெஞ்சுவலியைக் குறைக்க உதவலாம். அது அடைப்பை எடுப்பதில்லை. மருதம்பட்டை, பூண்டு எதையாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோடு சில சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது), பைபாஸ் இரண்டும் அதில் உண்டு. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை எல்லாவற்றிலும் இதயப் பிரிவு இருக்கிறது. 2017-லிருந்து ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வரும் மாத்திரைச் செலவில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து விலை குறைவாகக் கிடைக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

திரும்ப நெஞ்சுவலி வந்தால்?

உட்காருங்கள். டாக்டர் சார்பிட்ரேட் கொடுத்திருந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழலாம். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ‘கேஸ்தான்’ என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து நேரத்தைக் கடத்தியவர்கள் நிறைய. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சிரைப்பு, தாடை அல்லது முதுகில் கனம், வாந்தி என்றும் வரலாம்.

இரவு இரண்டு மணிக்கும் ஆஞ்சியோ செய்யும் மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வரை தேடி அலைய அது நேரம் இல்லை. வெளியூர் போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவார்கள்.

கிரிவலம் போகலாமா?

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். சமதளம்தான், ஆனாலும் மூன்று நான்கு மணி நேரம். ஆறு மாதம் கழித்து, தினம் ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கிறீர்கள், டாக்டரும் சரி என்கிறார் என்றால் போகலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் போங்கள். விரதம் என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். திருப்பதி மலைப்படி, சபரிமலை ஏற்றம் இரண்டுக்கும் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்து கேளுங்கள்.